பெத்தானியா வீட்டுக்கு வந்த போன்கள்

கலங்கரைத் தெருவில் பெத்தானியா வீட்டு பியூலாவின் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகும்போதெல்லாம் கூடத்து மூலையில் முக்காலி மேல் இருந்த பழைய சிவப்புப் போன் அடித்தது. அந்தப் போனின் ஒயரை லைன்மேன் வந்து கத்தரித்துச் சுருட்டிக் கொண்டுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது, ஒயர் நுழைந்த இடத்தில் சுவரில் ஒரு துளையும் துளையில் எறும்புகளும்தான் மிச்சம், ஆனாலும் அது அடித்தது, பழைய காலத்தில் அடித்த அதே முரட்டுத்தனத்தோடு, முக்காலியே நடுங்கும்படி அடித்தது. தூத்துக்குடியில் கடல் காற்று எல்லா இரும்பையும் தின்றுவிடும். அந்தப் போனின் மணியை மட்டும் அது தின்றிருக்கவில்லை.

போன் அந்த வீட்டுக்கு வந்தது பியூலாவின் கணவர் சாலமோனால். அவர் துறைமுகத்தில் டக் என்ற இழுவைப் படகை நடத்தும் சிராங். வெளிக்கடலில் வந்து நிற்கும் பெரிய கப்பல்களை முட்டியும் இழுத்தும் உள்ளே கொண்டுவந்து கட்டுகிற வேலை. கப்பல் எப்போது வரும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சொன்னதும் ஆள் ஓடிவர வேண்டும், அதனால் அவர் வீட்டில் ஒரு போன் வைத்தார்கள். வைத்த மறுவாரமே அது அவருடைய போனாக இல்லாமல் போயிற்று. தெருவிலிருந்த அத்தனை பேரின் அத்தனை உறவுக்காரர்களும், பம்பாயில் இருப்பவர்களும் மஸ்கட்டில் இருப்பவர்களும் சிவகாசியில் பெண் கொடுத்தவர்களும், அந்த எண்ணைத்தான் எழுதி வைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில்கூட அந்த எண் பி.பி. என்ற இரண்டு எழுத்தோடு அச்சாகி வந்தது, பக்கத்து வீட்டுப் போன் என்று அதற்குப் பொருள்.

போன் அடிக்கும், பியூலா எடுப்பாள், யாருக்கென்று கேட்பாள், லைன்லயே இருங்க என்று சொல்லிவிட்டு ரிசீவரை முக்காலியில் கவிழ்த்து வைத்து ஓடுவாள். அடுப்பில் எது இருந்தாலும் அதை அப்படியே விட்டு ஓடுவாள், தலையில் எண்ணெய் வடிய ஓடுவாள், மகன் நெவில் வயிற்றில் இருந்த மாதங்களில் நடையை ஓட்டம் என்று பேர் பண்ணிக்கொண்டு போவாள். தெருவில் அவள் கால் சத்தம் கேட்டாலே வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் வந்து நின்று, எனக்கா, எனக்கா என்று முகத்தைப் பார்க்கும். பிரசவம், சாவு, பரீட்சை முடிவு, வேலை கிடைத்தது, விசா வந்தது, எல்லாம் அந்தத் தெருவுக்கு முதலில் பியூலாவின் மூச்சிரைப்பாகத்தான் வந்தது.

பிறகு ஆளுக்கு ஒரு செல்போன் வந்தது. சிவப்புப் போன் பேச்சுக் குறைந்து, ஊமையாகி, சாலமோன் காலமான பிறகு பியூலா லைனை ஒப்படைத்தபோது வெறும் பொம்மையாயிற்று. தூக்கிப்போட மனம் வராமல் அதன் மேல் குரோஷா துணி ஒன்றைப் போர்த்தி வைத்தாள். மகன் நெவில் தோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரை அம்மாவுக்கு விட்டுப் போனான். அதைப் போனுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைத்தாள்.

கம்ப்யூட்டரை அவளைப் போல் பேணியவர்கள் அந்தத் தெருவில் இல்லை. ஷிப்பிங் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள், மெஷின் என்றால் தினமும் துடைக்க வேண்டும் என்பது கையில் ஊறியிருந்தது. சி.பி.யு.வின் காற்று ஓட்டைகளில் சேரும் உப்புத் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுப்பாள், வேண்டாத கோப்புகளை மாதம் தவறாமல் அழிப்பாள், சபைச் செய்திமடலுக்கு டைப் அடித்ததையெல்லாம் பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைப்பாள். அப்டேட் வந்திருக்கிறது என்று திரையில் எழுத்து வந்தால் மற்றவர்கள் எல்லாம் அப்புறம், அப்புறம் என்று தள்ளிவிடுவார்கள். பியூலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசிப்பாள், யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள், பிறகு சரி என்பதை அமுக்கிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். வாசலில் வந்து நிற்கிற ஆளை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று விரட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, குரோஷா துணிக்குள்ளிருந்து போன் அடித்தது. பியூலா துணியை எடுத்தாள். ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, பெத்தானியா வீடா? மதினி, நான் முலுண்டுலேருந்து சங்கரி பேசுதேன். கோமதியக் கொஞ்சம் கூப்பிடுதியளா?"

கோமதி மூன்று வீடு தள்ளி இருப்பவள். சங்கரி அவளுடைய அக்கா. சங்கரி பம்பாயில் இறந்துபோன சேதி வந்த அன்று கோமதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவளே பியூலாதான். ஆனால் வாய் அதற்குள் லைன்லயே இருங்க என்று சொல்லிவிட்டிருந்தது, கை ரிசீவரை முக்காலியில் கவிழ்த்துவிட்டிருந்தது, கால் செருப்பைத் தேடாமலே வாசல் தாண்டிவிட்டிருந்தது.

"ஏ கோமதி, போன்."

கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கா?"

"உங்க அக்கா."

"எந்த அக்கா?"

"பம்பாய் அக்கா."

கோமதி பியூலாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு காஸை அணைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முன்பெல்லாம் எப்படி வருவாளோ அப்படியே வேகமாக வந்தாள்.

"என்னடி, குரல் கெழவி மாதிரி இருக்கு?" என்று கேட்டது ரிசீவர். கூடத்தில் நின்ற பியூலாவுக்கே அது கேட்டது. சங்கரி எப்போதும் பம்பாய்க்கும் தூத்துக்குடிக்கும் உள்ள தூரம் முழுவதையும் தன் தொண்டையாலேயே கடக்கப் பார்ப்பவள்.

"ஜலதோஷம்க்கா," என்றாள் கோமதி.

"மிளகு ரசம் வச்சுக் குடி. இங்க பாரு, ஒரு கூடை நார்த்தங்காய் வாங்கிட்டேன், உப்பு எப்பிடிப் போடணும், அம்மா சொன்னது மறந்து போச்சு."

கோமதி சொன்னாள். நறுக்காமல் சுருள் சுருளாக அரிய வேண்டும் என்பதையும், வெயில் போதாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பதையும் சொன்னாள். அக்கா பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், மழை உண்டா என்று கேட்டாள். திரையில் புள்ளிகள் நின்றன, கம்ப்யூட்டர் ஒரு முறை இருண்டு மறுபடி எழுந்தது, லைன் அறுந்தது.

கோமதி ரிசீவரை மெதுவாக வைத்தாள். "நார்த்தங்காய் வருசம்," என்றாள். "அந்த வருசம் ஊறுகா போட்டுப் பூராவும் கெட்டுப் போச்சுன்னு காயிதம் போட்டிருந்தா. போன் பண்ணுனேன், யாரும் எடுக்கலன்னு எழுதியிருந்தா."

"நாங்க மணப்பாடு போயிருப்போம்," என்றாள் பியூலா.

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள்.

தெருவுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று, அடுத்த அப்டேட் வந்து எதிர்வீட்டுக்காரருக்கு மாமனாரிடமிருந்து போன் வந்தபோது. தெரிந்த பிறகு தெரு அதைக் கடற்கரையில் ஒதுங்கிய கட்டுமரத்தை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டது; எங்கிருந்து வந்தது என்பதை நாலு பேர் கொஞ்ச நேரம் பேசினார்கள், எதற்கு ஆகும் என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். அன்று எடுக்க ஆளில்லாமல் அடித்து ஓய்ந்த போன்கள்தான் இப்போது வருகின்றன என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். செத்தவர்களோடு பேசலாமா என்று சபைப் போதகரிடம் கேட்டதற்கு அவர் நெடுநேரம் யோசித்து, அவர்கள் பேசும்போது உயிரோடுதானே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தன் தகப்பனார் ஒரு காலத்தில் இந்த எண்ணுக்கு அடித்திருக்க வழியுண்டா என்று கேட்டார். பி.எஸ்.என்.எல்.லில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்து போனைத் திருகிப் பார்த்துவிட்டு, இணைப்பு இல்லை, ஆனால் ரிங் நல்ல ரிங் என்றார். கலங்கரைத் தெருவுக்கே ஜலதோஷம் பிடித்தது. போன் வந்தவர்கள் எல்லாரும், குரல் ஏன் இப்படி மாறிப்போச்சு என்ற கேள்விக்கு அதையே சொன்னார்கள், அந்தப் பக்கமிருந்தவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள், அதனால் ஆடாதோடைக் கஷாயமும் கற்பூரவல்லிச் சாறும் தெருவில் மறுபடி புழக்கத்துக்கு வந்தன. ஒருவர் தன் தம்பியிடம், நாளைக்கு அந்த பஸ்ஸில் ஏறாதே என்று சொல்லிப் பார்த்தார். தம்பி, ஒரே இரைச்சலா இருக்கு அண்ணே, ஒண்ணும் கேக்கல என்றான். இன்னொருவர் சொல்லிப் பார்த்தார், அப்போதும் இரைச்சல் வந்தது. அதன்பின் யாரும் நடக்கப்போவதைப் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீர் வருவதைப் பற்றியும் பேசினார்கள், அதற்கு இரைச்சல் வரவில்லை.

மாதத்தின் இரண்டாவது வாரம் வந்தாலே தெருவில் ஒரு பரபரப்பு வந்துவிடும். அப்டேட் வந்துட்டா அக்கா, வந்துட்டா என்று வாசலில் கேட்டுக்கொண்டே போவார்கள். பெண்கள் பெத்தானியா வீட்டுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் முருங்கை நிழலில் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் பழசு, மெதுவாகத்தான் நகரும். ஒரு அப்டேட் முடிவதற்குள் இரண்டு மூன்று போன்கள்கூட வந்தன. பியூலா எடுத்தாள், பேர் கேட்டாள், ஆள் கூடத்திலேயே இருந்தால் சைகை காட்டினாள், இல்லாவிட்டால் ஓடினாள். முழங்கால் வலிக்கு நெவில் வாங்கி அனுப்பிய தைலம் அலமாரியில் தொடப்படாமல் இருந்தது.

அவளுக்கு ஒரு போனும் வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாலமோன் வேலையிலிருந்து வீட்டுக்கு அடித்த நாட்கள் குறைவுதான். டக்கில் ஏறிவிட்டால் இறங்கும்வரை அவருக்கும் கரைக்கும் பேச்சில்லை. இருந்தும் ஒவ்வொரு முறை ரிசீவரைக் காதில் வைக்கும்போதும் ஹலோ சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பிறகு யாருக்கு வேணும் என்று கேட்டாள்.

கோளாறு பெலிக்ஸிடமிருந்து தொடங்கிற்று. பெலிக்ஸ் பாங்க் வேலையில் ஓய்வு பெற்றவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், பியூலாவைவிடச் சில வயது இளையவன். அவனுடைய அம்மா நாசரேத்திலிருந்து அடித்தாள். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். லைன் அறுகிற நேரம் நெருங்குவதைப் பெலிக்ஸ் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் எட்டி யு.பி.எஸ். சுவிட்சை அணைத்துவிட்டான்.

கம்ப்யூட்டர் அப்படியே செத்தது. மறுபடி போட்டபோது, அப்டேட் முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று திரையில் வந்தது, நெடுநேரம் சுற்றிவிட்டுப் பழைய நிலைக்கே போயிற்று. மறுநாள் அதே அப்டேட் மறுபடி இறங்கியது, போன் அடித்தது, பெலிக்ஸின் அம்மா அதே சொற்களை அதே வரிசையில் சொன்னாள், வெந்தயம், தலை துவட்டு, அடுத்த வாரம் வருகிறேன். பெலிக்ஸ் மறுபடி அணைத்தான். அதற்கு அடுத்த நாளும் அணைத்தான்.

பியூலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெலிக்ஸ், போதும்யா. மெஷின் தாங்காது."

"இன்னும் ஒரே ஒரு தடவக்கா."

"அவிய அடுத்த வாரம் வாரேன்னு சொல்லுதாவ. வரவிடுய்யா. இப்பிடியே நிறுத்தி வச்சா எங்க வர?"

பெலிக்ஸ் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய் முருங்கையடியில் நின்றான். அந்த முறை அப்டேட் முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்குள்ளே பல்லைக் கடிப்பது போல் ஒரு சத்தம் வந்தது.

தெரு முக்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செண்பகம் வந்து காதை வைத்துக் கேட்டாள். நடுவயதுக்காரி, அளந்து பேசுபவள். "ஹார்டு டிஸ்க் போகப் போகுதுக்கா. உள்ள சுத்துற தட்டு தேஞ்சிருச்சு. இன்னைக்கும் போகலாம், பொங்கலுக்கும் போகலாம். அப்டேட் நடுவுல போனா எதையும் மீட்க முடியாது."

"மாத்தலாமா?"

"எஸ்.எஸ்.டி. போடலாம். அதுல சுத்துற தட்டே கிடையாது. மெஷின் குதிரை மாதிரி ஓடும்."

கூடத்தில் கீரை ஆய்ந்த கைகள் நின்றன. குதிரை மாதிரி ஓடினால் அப்டேட் சீக்கிரம் முடியும், சீக்கிரம் முடிந்தால் போன் சீக்கிரம் அறுந்துபோகும், இரண்டாவது போன் வருவதற்கே இடமிருக்காது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வேகமாக வேண்டும் என்று கேட்கையில் கலங்கரைத் தெரு மட்டும் மெதுவாக வேண்டும் என்று கேட்டது.

அந்த வாரத்திலேயேதான் திரையில் இன்னொரு சேதி வந்தது. பியூலா கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தாள். இந்தப் பதிப்புக்கு அடுத்த மாதத்துக்குப் பிறகு அப்டேட் கிடையாது. புதிய பதிப்பை ஏற்க இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை. இதுவரை பயன்படுத்தியதற்கு நன்றி. தெருக்காரர்கள் கூடிப் பேசிக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம், தயவுசெய்து இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தொடர்ந்து அனுப்பவும் என்று பெலிக்ஸ் நல்ல ஆங்கிலத்தில் எழுதினான். புதிய கம்ப்யூட்டர் வாங்குவதன் நன்மைகளைப் பற்றிப் பணிவான பதில் ஒன்று வந்தது.

ஆக மிச்சமிருந்தது ஒரே அப்டேட்.

அன்று சாயங்காலம் காசிலிங்கம் வந்தார். எல்லாருக்கும் அவர் காசி அண்ணாச்சி, தெருவிலேயே மூத்தவர், மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். அவருடைய தம்பி கொழும்பில் கடையில் இருந்தவன், கலவரத்தின்போது காணாமல் போனவன். அப்டேட் நாட்களில் எல்லாருக்கும் முன்னால் வந்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், எல்லாரும் போன பிறகு எழுந்து போவார். யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"டிஸ்க்க மாத்தாதிய மதினி," என்றார். "மெதுவா ஓடுனா மூணு போன் வரும். மூணுல ஒண்ணு அவனா இருக்கலாம். வேகமா ஓடுனா ஒண்ணுதான். அந்த ஒண்ணு அவனா இருக்கும்னு நான் எப்பிடி நெனைக்க?"

"நடுவுல நின்னு போச்சுன்னா அந்த ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"நிக்காது."

"கேளுங்க, சத்தத்த." கம்ப்யூட்டர் பல்லைக் கடித்தது. "நோவு கண்டு கெடக்கற மெஷின இன்னும் இழுக்கச் சொல்லுதியளே."

காசி அண்ணாச்சி தடியை ஊன்றி எழுந்தார். "உங்களுக்கென்ன, உங்களுக்கு யாரும் போன் பண்ண வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் அல்ல. அது வலித்த இடத்தை அவர் அறியார்.

இரண்டு நாள் பியூலா கம்ப்யூட்டரைப் போடவில்லை. மூன்றாம் நாள் செண்பகத்தைக் கூப்பிட்டனுப்பினாள். பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் புதியதற்குப் போயிற்று, நெவிலின் பள்ளிக்கூடப் படங்கள், சபைச் செய்திமடல்கள், சாலமோனின் ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம். போட்டு எழுப்பியபோது கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல், கண் இமைப்பதற்குள் விழித்துக்கொண்டது. காசி அண்ணாச்சி பெத்தானியா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார், கடைக்குப் போகத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசி அப்டேட் ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. பியூலா வழக்கம்போல் அவசரப்படவில்லை. மேஜையைத் துடைத்தாள், பச்சை விளக்கைப் பார்த்தாள், திரையில் இருந்ததைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். கூடம் நிறைந்து வாசலிலும் ஆள் நின்றது. பெலிக்ஸ் யு.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். வாசலை ஒட்டிய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவள் சரியை அமுக்கினாள். வட்டம் சுற்றத் தொடங்கிற்று, வேகமாகவே சுற்றிற்று. போன் அடிக்கவில்லை. யாரோ இருமினார்கள். எண்கள் ஏறின. பிறகு முக்காலி நடுங்கிற்று.

பியூலா எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஹலோ."

"யாரு, பியூலாவா?" என்றது குரல். "வீட்டுலதான் இருக்கியா? கோயிலுக்குப் போயிருப்பன்னு நெனச்சேன். சும்மா அடிச்சுப் பாத்தேன்."

அவளுக்குக் காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தது. "இருக்கேன்," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

"சரி, காசிய உடனே கூப்பிடு. அவன் மகனுக்கு நம்ம டக்லயே வேல போட்டுட்டாங்க. நாளைக்குக் காலைல சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டு வரணும். நானே சொல்லணும் அவன்ட்ட. ஓடு, நான் லைன்ல இருக்கேன்."

பியூலாவின் வலது கால் தானாகவே ஓர் அடி எடுத்து வைத்தது. கை ரிசீவரை முக்காலியில் கவிழ்க்கத் தாழ்ந்தது. காசி அண்ணாச்சியின் வீடு தெருக்கடைசியில். போய், கூப்பிட்டு, அந்த மனிதர் தடியை ஊன்றி வருவதற்குள் வட்டம் நின்றுவிடும். அவள் கூடத்தைப் பார்த்தாள். கூடம் அவளைப் பார்த்தது. யார் போன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் முகத்திலிருந்தே படித்துக்கொண்டார்கள்.

"காசி அண்ணாச்சியக் கூப்பிடணும்," என்றாள் பியூலா.

கோமதி எழுந்தாள். மடியிலிருந்த முருங்கைக்கீரை கூடமெங்கும் சிதறிற்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடினாள், அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரர் ஓடினார், வாசலில் நின்றவர்கள் வழிவிட்டுவிட்டு அவர்களும் ஓடினார்கள். அண்ணாச்சி, போன், அண்ணாச்சி, போன் என்ற சத்தம் தெருவோடு போய்க்கொண்டே இருந்தது. பெத்தானியா வீட்டுக்குப் போன் வந்து பியூலா ஓடாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"ஆள் போயிருக்கு," என்றாள் ரிசீவரில்.

"யாரு போயிருக்கா?"

"கோமதி."

"சரி." அந்தப் பக்கம் விசைப்படகு ஒன்று போகிற சத்தம், இரும்புச் சங்கிலி தரையில் இழுபடும் சத்தம், அவர் மூக்கால் மூச்சு விடும் சத்தம். பி.பி. போன்களில் ஆள் வரும்வரைக்கும் காத்திருக்கும் அந்த வெறும் நேரம், யாருக்கும் பிரயோசனமில்லாத நேரம் என்று அவள் அதுநாள்வரை நினைத்திருந்த நேரம், இப்போது அவளுக்கு வாய்த்திருந்தது.

"என்ன சமைச்ச?"

"ரசமும் அப்பளமும்."

"ஏன், மீன் வரலையா?"

"வாங்கல. ஒரு ஆளுக்கு என்னத்த வாங்க."

"நான் வர லேட்டாகும்தான். கப்பல் இன்னும் வெளியதான் நிக்கி. நெவில் பள்ளிக்கூடம் போனானா?"

"போயிருக்கான். தூரமாப் போயிருக்கான்."

அவர் சிரித்தார். கொஞ்சம் இரைச்சல் வந்தது, வந்து அடங்கிற்று. பியூலா திரையைப் பார்த்தாள். பாதி எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. கீழே பெலிக்ஸின் கை யு.பி.எஸ். சுவிட்சின் மேல் இருந்தது. அவன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டான். அமுக்கினால் நாளைக்கும் அவர் இதே போல் அடிப்பார், யாரு பியூலாவா என்பார், மெஷின் தாங்குமட்டும் ஒவ்வொரு நாளும் என்பார். ஒவ்வொரு நாளும் காசியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, கப்பல் உள்ளே வராமல், வீடு திரும்பாமல், அங்கேயே நின்றுகொண்டிருப்பார். பியூலா தலையை இல்லை என்று ஆட்டினாள். பெலிக்ஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், பிறகு முகத்தை மூடிக்கொண்டான்.

"ஏன் பேசாம இருக்க?"

"பேசிட்டுத்தான இருக்கேன்," என்றாள். "நீங்க கப்பலக் கட்டிட்டு வாங்க. பாத்து வாங்க. நான் முழிச்சிருக்கேன்."

"நீ சாப்பிட்டுப் படுத்துக்கோ. எத்தன தடவ சொல்லியாச்சு."

"சரி."

"சரிம்ப. கேக்க மாட்ட."

வாசலில் காசி அண்ணாச்சியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பாதி நடந்தும் பாதி இரண்டு பேர் தோளில் தொங்கியும் வந்திருந்தார், தடி எங்கோ விழுந்துவிட்டிருந்தது. பியூலா ரிசீவரை அவரிடம் நீட்டினாள். "உங்களத்தான் கேக்காவ. எங்க வீட்டுக்காரவிய."

காசி அண்ணாச்சி நீட்டிய ரிசீவரைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், அந்தக் கை இன்னும் அதை விடாமல் பற்றியிருப்பதைப் பார்த்தார். ஒரு விரலால் ரிசீவரை அவள் காதுப் பக்கமே தள்ளிவிட்டார்.

"நீங்க பேசுங்க மதினி."

அவள் அதைக் காதுக்குக் கொண்டுபோனாள். "காசி வந்தாச்சா?" என்று சாலமோன் கேட்டார்.

"வந்தாச்சு. நான் சொல்லிருதேன். நான் சொன்னா போதாதா?"

"நீ சொன்னா சரிதான்," என்றார் சாலமோன்.

திரை இருண்டது. லைனில் ஒன்றும் இல்லை, இரைச்சல்கூட இல்லை, வெறும் பிளாஸ்டிக் காதில் இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்து, உங்கள் சாதனம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்று எழுதிக்காட்டிற்று. கோமதி குனிந்து சிதறிய கீரையை ஒவ்வொரு இணுக்காகப் பொறுக்கத் தொடங்கினாள்.

பியூலா ரிசீவரை வைத்தாள். காசி அண்ணாச்சியை அவருடைய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் மூச்சு இன்னும் சமனாகவில்லை. அன்று போனை எடுக்க ஆளில்லை, சாலமோன் கப்பலைக் கட்டிவிட்டுக் கரைக்கு வரவும் நாளாயிற்று, அதனால் இந்தச் சேதி அவருக்குத் தபாலில், மூன்று நாள் கழித்து, ஆபீஸ் முத்திரையோடுதான் வந்திருந்தது. மகன் அந்த வேலையில் சேர்ந்து, உயர்ந்து, விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி, அங்கேயே வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டான். தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பியூலா அவர் முன்னால் போய் நின்றாள். ஓடி வந்தவளைப் போல் அவளுக்கும் மூச்சிரைத்தது.

"அண்ணாச்சி, உங்க மகனுக்கு டக்ல வேல போட்டுட்டாங்களாம். நாளைக்குக் காலைல சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டு வரச் சொன்னாவ."

காசி அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். உதடு கொஞ்சம் பிரிந்தது. மில் மூடிப்போய், வீட்டில் நான்கு வயிறுகளோடு அவர் உட்கார்ந்திருந்த ஆண்டு அது.

"நம்ம பயலுக்கா?" என்றார்.

"ஆமா. உங்க பயலுக்குத்தான்."

"நெசமாவா சொல்லுதிய?"

"அவியளே சொன்னாவ."

அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த முகம் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க மதினி," என்றார்.

பியூலா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.